போலியோ போன பிறகும் பட்டியல் ஏன் நீள்கிறது?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஊனமுற்றோர் பணம் வாங்கியவர்கள் இரண்டே பேர். இன்று பதினொரு பேர் வாங்குகிறார்கள். போலியோ ஒழிந்துவிட்டது, மருத்துவம் வளர்ந்துவிட்டது என்கிறார்கள். அப்படியானால் எண்ணிக்கை குறைய வேண்டாமா? பாதிப் பேர் போலிச் சான்று வைத்து வாங்குகிறார்களா? அமெரிக்காவிலும் இப்படித்தான் கூடியது என்று படித்தேன். என் அம்மாவுக்கும் மூன்று ஆண்டுகளாகக் கை நடுங்குகிறது. அவர் எங்கேயும் போய் வரிசையில் நிற்கவில்லையே."

இருபது ஆண்டுகளாகத் தண்டையார்பேட்டையில் ஒரு படிப்பகத்தின் திண்ணையில் ஞாயிறுதோறும் உட்கார்ந்து இந்த விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்து வருகிறேன். உங்கள் சந்தேகம் எனக்குப் புதிதில்லை. டீக்கடையில் கேட்கிறார்கள், அலுவலக வாசலில் வரிசையில் நிற்பவர்களே தங்களுக்கு முன்னால் நிற்பவரைக் காட்டிக் கேட்கிறார்கள். நேராகச் சொல்லிவிடுகிறேன். போலிகள் உண்டு. ஆனால் இரண்டு பேர் பதினொரு பேர் ஆனதற்கு அவர்கள் காரணம் இல்லை. உங்கள் தெருவில் அன்றும் உடல் முடியாதவர்கள் இருந்திருப்பார்கள். சிலரை வீட்டார் வெளியே காட்டியிருக்க மாட்டார்கள். இன்று உதவித்தொகை வாங்கும் சிலரைப் போன்றவர்கள் அன்று பிழைத்திருக்கவே மாட்டார்கள். இன்னும் சிலருக்கு, அந்த உடலோடு செய்யக்கூடிய ஒரு வேலை அன்று இருந்தது.

முதலில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் தெருமுனையில் மெட்ரோ வாட்டர் வைத்திருக்கும் கறுப்புத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி வந்து ஊற்றுகிறது, மக்கள் குடத்தில் பிடித்துப் போகிறார்கள். லாரி கூடுதலாக வந்தால்தான் நீர்மட்டம் ஏறும் என்பதில்லை. பிடிப்பவர்கள் குறைந்தாலும் ஏறும். எழுபது வயதில் பார்வை இழந்து பட்டியலில் சேர்பவர் ஏழெட்டு ஆண்டு இருப்பார். அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பையன் பதினெட்டு வயதில் சேர்ந்தால் நாற்பது ஆண்டு இருப்பான். ஆண்டுக்கு ஒரே அளவில் ஆட்கள் சேர்ந்தாலும், சேர்பவர்கள் இளையவர்களாக இருந்தால் பட்டியல் நீண்டுகொண்டேதான் போகும்.

போலியோவுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். இந்தியாவில் கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. புதிய வரவு நின்றது உண்மை. ஆனால் 1970களிலும் 80களிலும் போலியோ தாக்கிய குழந்தைகளுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயது. இளமையில் தொடையில் கையை ஊன்றி நடந்து, தையல் கடையிலும் வாட்ச் பழுதுபார்க்கும் கடையிலும் உட்கார்ந்து பிழைத்தவர்கள். இத்தனை ஆண்டு சுமந்த நல்ல காலும் தோளும் தேய்ந்துபோய், இப்போதுதான் முதன்முறையாக என் திண்ணைக்கு வருகிறார்கள்.

பிழைப்பவர்கள் கூடியது இன்னொரு காரணம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2022ல் மட்டும் 64,000க்கும் மேற்பட்ட சாலை விபத்துகள் நடந்தன. ஏறக்குறைய 17,900 பேர் இறந்தார்கள். முதுகுத்தண்டு முறிந்து உயிர் தப்பியவரைப் பற்றிச் செய்தி வருவதில்லை. முன்பெல்லாம் தலையில் அடிபட்டவர் பாதி வழியிலேயே போய்விடுவார். 2008ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 டிசம்பரில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் வந்தது. இவற்றால் காப்பாற்றப்பட்ட ஒவ்வொருவரும் எழுந்து நடந்துவிடவில்லை. பக்கவாதத்திலும் குறைமாதப் பிரசவத்திலும் இதேதான் நடக்கிறது. மருத்துவம் வளர்ந்தால் ஊனம் குறையும் என்று நாம் நினைக்கிறோம். சாவு குறைவதன் ஒரு பகுதி ஊனமாக மிஞ்சுகிறது என்பதும் சேர்ந்த உண்மை.

சர்க்கரை நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு அது இருப்பதாகச் சொல்கிறது. நாட்டின் சராசரி 11.4. ஆறாத புண்ணில் தொடங்கி விரல், பாதம், முழங்கால் என்று வெட்டிக்கொண்டே போனவர்கள் என் பதிவேட்டில் ஆண்டுக்காண்டு கூடுகிறார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே மாநிலத்தில் பத்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். வயது ஏற ஏற உடல் முடியாமல் போகும். மக்கள்தொகை மூத்துப்போனால் பட்டியலும் நீளும்.

இனி, சட்டத்தின் பங்கு. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் ஏற்றுக்கொண்டது. 2016ல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம், தசைச்சிதைவு, பார்க்கின்சன் (உடல் நடுங்கும் நரம்பு நோய்), தலசீமியா (பரம்பரை ரத்தச்சோகை), ஹீமோபீலியா (ரத்தம் எளிதில் உறையாத நோய்), குள்ளத்தன்மை, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் என்று பட்டியல் விரிந்தது. முந்தைய நாள்வரை சட்டத்தின் கண்ணில் நலமாக இருந்த ஒரு ஹீமோபீலியா சிறுவன் மறுநாள் மாற்றுத்திறனாளி ஆனான். அவன் உடலில் எதுவும் மாறவில்லை.

வரையறையை நகர்த்தினால் எண்ணிக்கை எவ்வளவு ஆடும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 9.64 லட்சம் பேர். 2011ல் 1.27 லட்சம். பத்து ஆண்டில் எட்டு லட்சம் பேருக்குக் கண் திறந்துவிட்டதா? 2001ல் ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்களையும் சேர்த்து எண்ணினார்கள். 2011ல் அவர்களை விட்டுவிட்டார்கள். கேள்வியும் எண்ணும் முறையும் மாறியதில், மொத்த மாற்றுத்திறனாளிகள் எண்ணிக்கையே 16.42 லட்சத்திலிருந்து 11.79 லட்சத்துக்கு இறங்கியது. எனவே "கூடிவிட்டது", "குறைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், எந்த அளவுகோலால் அளந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

கணக்கெடுப்பாளர் சரியாகக் கேட்டாலும் வீட்டார் சொல்ல வேண்டுமே. வியாசர்பாடியில் வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் ஒரு குடும்பம். இட்லிக் கடை வைத்திருக்கும் அந்த அக்காவை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். அவருக்கு ஒரு மகளும் மகனும் என்று தெரியும். இன்னொரு மகன் இருப்பது தெரியாது. மகளுக்குத் திருமணம் முடிந்த மறுமாதம் அவர் என்னிடம் வந்து, "தம்பி, பெரியவன் ஒருவன் உள்ளே இருக்கிறான்" என்றார். போய்ப் பார்த்தேன். இருபத்திரண்டு வயது. ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு காலி மருந்து அட்டையை விரலால் அழுத்தி அழுத்திச் சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தான். வீட்டுச் சுவரில் அவன் தோள் உயரத்துக்கு ஒரு பட்டை போல எண்ணெய்க் கறை. இத்தனை ஆண்டு சாய்ந்து சாய்ந்து பிடித்த கறை. சான்று இல்லை. குடும்ப அட்டையில் பெயர்கூட இல்லை. "கணக்கெடுக்க வந்தவர்களிடம் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன். "யாரும் இல்லை என்றுதான் சொன்னேன். மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டாமா?" என்றார்.

அவனுக்குச் சான்று வாங்கி, மாதாந்திரப் பராமரிப்புத் தொகைக்கு எழுதிப் போட்டோம். அரசுக் கணக்கில் அன்று ஒரு எண் கூடியது. இருபத்திரண்டு ஆண்டு தாமதமாகக் கூடிய எண். 2018ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் விசாரித்தபோது, மாற்றுத்திறனாளிகளில் சான்று வைத்திருந்தவர்கள் 28.8 சதவீதம்தான். நூறு பேரில் எழுபத்தோரு பேர் வெளியேதான் இருந்தார்கள். அப்படி வெளியே நிற்பவர்கள் மெல்ல மெல்ல உள்ளே வரும்போது பட்டியல் நீளத்தான் செய்யும். சான்று, 2021 ஜூனிலிருந்து நாடு முழுவதற்கும் பொதுவான தனித்துவ அடையாள அட்டைத் தளத்தின் வழியாகவே தரப்படுகிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். "ஊனமுற்றோர்" என்ற சொல்லை விட்டு "மாற்றுத்திறனாளி" என்று அரசே எழுதத் தொடங்கியதும் சின்ன விஷயமில்லை. பழைய சொல்லை விண்ணப்பத்தில் எழுத மறுத்துத் திரும்பிப் போன ஓர் ஆசிரியரை எனக்குத் தெரியும்.

பணமும் காரணம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. வருவாய்த்துறை தரும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை 2011ல் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. 2023 ஜனவரியில் 1,500. அப்போது இதனால் பயனடைபவர்கள் 4,39,315 பேர் என்று அரசு அறிவித்தது. கடும் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு போன்றவற்றுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தனியாக 2,000 தருகிறது. மத்திய அரசின் திட்டம் 80 சதவீத ஊனம் கேட்கிறது, தருவது 300 ரூபாய், அதுவும் மாநிலத்துக்கு இத்தனை பேர் என்ற வரம்போடு. மாநிலத் திட்டத்துக்கு 40 சதவீதம் போதும். சாதாரண நகரப் பஸ்ஸில் உடன் வருபவருக்கும் சேர்த்துக் கட்டணமில்லை. அட்டையின் மதிப்புக் கூடினால், அதை வாங்க அலையும் செலவுக்கும் ஒரு நியாயம் கிடைக்கிறது. 500 ரூபாய்க்காக மூன்று நாள் கூலியை விட்டு அலைய மறுத்தவர்கள் 1,500க்கு வருகிறார்கள். முதியோர் உதவித்தொகை 1,200 என்பதால், இரண்டுக்கும் தகுதி உள்ளவர் அறுபது வயதானாலும் மாற்றுத்திறனாளிப் பட்டியலிலேயே இருப்பார். பிடித்துப் போகும் குழாய் இங்கேயும் அடைபடுகிறது.

அடுத்தது வேலை. நான் அதிகம் யோசித்த காரணம் இதுதான். யாரும் பேசாததும் இதுதான்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஓர் அண்ணன். 2004ல் லாரியிலிருந்து வழுக்கி விழுந்து வலது முட்டி நொறுங்கியது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கம்பி வைத்துச் சேர்த்தார்கள். கால் பாதிதான் மடங்கும். சுமை தூக்க முடியாது. ஆனால் கிடங்கு முதலாளி அவரை விட்டுவிடவில்லை. வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு, உள்ளே போகும் மூட்டையையும் வெளியே வரும் மூட்டையையும் சிலேட்டில் கோடு போட்டு எண்ணச் சொன்னார். பதினைந்து ஆண்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். யாரும் அவரை ஊனமுற்றவர் என்று சொல்லவில்லை, "கணக்குக்காரர்" என்றார்கள். சரக்கெல்லாம் கன்டெய்னர் பெட்டியிலேயே வந்து, பெட்டியோடே மாதவரத்துக்கும் மணலிக்கும் போகத் தொடங்கியது. எண்ணுவதற்கு மூட்டை இல்லை. கிடங்கு மூடியது. 2019ல், ஐம்பத்து நான்கு வயதில், பழைய எக்ஸ்ரே படத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு என் திண்ணைக்கு வந்தார்.

மருத்துவக் குழு 45 சதவீதம் போட்டது. பிறகு ஓர் அலுவலகத்தில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். கட்டைவிரல் கருவியில் விழவில்லை. ஆள்காட்டி விரலும் விழவில்லை. கோணிப்பையும் கொக்கியும் பிடித்துப் பிடித்து ரேகையே தேய்ந்துபோன விரல்கள். துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். "அடுத்த வாரம் வாருங்கள்" என்றார்கள். மூன்று வாரம் அலைந்தார். அந்த விரல்களைவிட அவருக்கு வேறு சான்று எதற்கு என்று எனக்கு அன்று நெஞ்சு கொதித்தது.

அவருடைய முட்டி 2004லும் அதே முட்டிதான், 2019லும் அதே முட்டிதான். நடுவில் போனது ஸ்டூல். ஊனம் என்பது உடலில் மட்டும் இருப்பதில்லை. அந்த உடலுக்கு ஊரில் என்ன வேலை கிடைக்கிறது என்பதிலும் பாதி இருக்கிறது. பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் மில் 1996ல் மூடியபோது, காது மந்தமானவர்களும் விரல் போனவர்களும் அங்கே எத்தனையோ பேர் வேலையில் இருந்தார்கள். இயந்திரச் சத்தத்தில் எல்லோருக்கும்தான் காது கேட்காது. மில்லுக்கு உள்ளே இருந்தவரை அது ஒரு குறையே இல்லை. வெளியே வந்து செக்யூரிட்டி வேலை கேட்டபோதுதான் அது குறையானது.

நீங்கள் கேட்ட வெளிநாட்டுக் கதைகளையும் இங்கிருந்தே பார்க்க வேண்டும். பிரிட்டனில் 1980களில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்ட வேல்ஸ், வட இங்கிலாந்து ஊர்களில் உடல்நலமின்மை உதவி பெறுவோர் மளமளவென்று கூடினார்கள். நுரையீரலும் முதுகும் கெட்டுப்போயும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை. வேலையில்லாதோர் கணக்குக் குறைவாகத் தெரிய அரசுக்கும் அது வசதியாக இருந்தது. நெதர்லாந்தில் இன்னும் மோசம். 1967ல் வந்த சட்டத்தின்கீழ் உதவி பெறுவோர் 1990 வாக்கில், ஒன்றரைக் கோடி மக்கள் உள்ள நாட்டில், பத்து லட்சத்தை நெருங்கினார்கள். ஆட்குறைப்புச் செய்ய விரும்பிய முதலாளிகளும், உறுப்பினர்கள் கௌரவமாக வெளியேறட்டும் என்று நினைத்த தொழிற்சங்கங்களும் அந்த ஒரே வழியைப் பயன்படுத்திக்கொண்டார்கள். "நாடே நோயுற்றிருக்கிறது" என்ற பொருளில் பிரதமர் லுப்பர்ஸ் பேசினார்.

அமெரிக்காவில் ஊனமுற்ற தொழிலாளர் காப்பீட்டில் பணம் பெற்றவர்கள் 1990ல் 30 லட்சம். 2014ல் ஏறக்குறைய 90 லட்சம். இதில் பெரும் பங்கு வயதுக்கணக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை ஐம்பதைத் தாண்டியது. பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போனதால் அவர்களும் காப்பீட்டுக்குள் வந்தார்கள். ஓய்வு வயது 65லிருந்து 66 ஆனதால் பட்டியலில் ஓராண்டு கூடுதலாக இருந்தார்கள். மனநோயையும் வலியையும் கூடுதலாகக் கணக்கில் எடுக்கச் சொன்ன 1984ஆம் ஆண்டுச் சட்டமும், 2008 பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டன. எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் பொருளாதார அறிஞர்களுக்குள் இன்றும் சண்டை உண்டு. ஆனால் அந்தத் தலைமுறை ஓய்வூதியத்துக்கு மாறத் தொடங்கியதும் எண்ணிக்கை இறங்கியது. 2023 முடிவில் 75 லட்சத்துக்கும் கீழே. போலிகளால் ஏறிய எண்ணாக இருந்திருந்தால், அது வயதோடு சேர்ந்து இறங்கியிருக்காது.

"உதவித்தொகை கிடைக்கிறது என்று வேலையை விடுகிறார்கள்" என்ற வாதத்தை அங்கிருந்து இங்கே இறக்குமதி செய்யாதீர்கள். அங்கே மாதச் சராசரி 1,500 டாலருக்குச் சற்று மேல். சிக்கனமாக இருந்தால் ஓராள் காலம் தள்ளலாம். இங்கே 1,500 ரூபாய். கொத்தனாருக்குக் கையாளாகப் போகும் ஒருவர் இரண்டு நாளில் ஈட்டும் கூலி அது. அதற்காக வேலையை விட்ட ஒருவரைக்கூட நான் இருபது ஆண்டில் பார்க்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டே வாசலில் வெற்றிலை விற்பவர்களையும், மீன் வலை பின்னுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைத்தான் அக்கம்பக்கத்தார் "நன்றாகத்தானே இருக்கிறான்" என்கிறார்கள்.

போலிச் சான்றுகள் பெரும்பாலும் எங்கே போகின்றன என்று கேட்டால், லாபம் இருக்கும் இடத்துக்கு: அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீடு. அங்கே கடுமையாகச் சோதிக்கட்டும், முழு மனதோடு ஆதரிக்கிறேன். 1,500 ரூபாய் வரிசையில் நான் கண்ட ஊழல் வேறு மாதிரி. முதல் இரண்டு மாதப் பணத்தைக் கமிஷனாகப் பிடுங்கும் தரகர்கள். அவர்களிடம் ஏமாந்தவர்கள் எல்லோரும் உண்மையாகவே தகுதி உள்ளவர்கள்.

எண்ணிக்கை கூடியதே என்று பயந்து களையெடுக்கப் போனால் என்ன ஆகும் என்பதையும் அமெரிக்கா பார்த்துவிட்டது. 1981ல் தொடங்கிய மறுஆய்வில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை நீக்கினார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மேல்முறையீட்டில் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். அதிகம் அடிபட்டவர்கள், வரச் சொன்ன கடிதத்துக்குப் பதில் எழுதத் தெரியாத மனநோயாளிகள். இங்கே ரேகை விழாத விரல்களுக்கு என்ன நேரும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் தெருவின் பதினொரு பேர் அடுத்த பத்தாண்டில் பதினைந்து ஆவார்கள் என்றே எதிர்பார்க்கிறேன். மனநோயைச் சொல்லிச் சான்று கேட்கும் துணிச்சல் இப்போதுதான் நம் பகுதியில் வருகிறது. சர்க்கரை நோய் குறைவதாகத் தெரியவில்லை. உட்கார்ந்து எண்ணும் வேலை இன்னும் அருகிக்கொண்டுதான் போகும்.

உங்கள் அம்மாவைப் பற்றி. கை நடுக்கம் மூன்று ஆண்டாக இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் ஆகாது; நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரை ஸ்டான்லி நரம்பியல் புறநோயாளிப் பிரிவுக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். பார்க்கின்சன் என்றால் அது அந்த 21இல் ஒன்று. சிகிச்சைச் சீட்டு ஒவ்வொன்றையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் அட்டைக்கு விண்ணப்பியுங்கள். குழுவின் முன் போகும் நாளில், அவர் சட்டைப் பித்தானைத் தானே போட முடிகிறதா, தம்ளரைச் சிந்தாமல் தூக்க முடிகிறதா என்பதை அவரையே சொல்லச் சொல்லுங்கள். நம் தாய்மார்கள் மருத்துவர் கேட்டதும் "ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள். படிவம் எழுத ஆள் வேண்டுமென்றால் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேல் திண்ணையில் இருப்பேன்.